மன்னார் வளைகுடாச் சுழிகளை அளக்க முதலில் எதை வாங்குவது: கிளைடரா, புரொப்பெல்லர் நீர்மூழ்கியா?

ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு மன்னார் வளைகுடாவின் நீர்ச்சுழிகளை ஆராய விரும்பும் எந்தக் கல்லூரியும் ஆய்வுக்குழுவும், கையிலுள்ள நிதியில் முதலில் எந்தத் தானியங்கி நீர்மூழ்கியை வாங்குவது என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். இன்று கிடைப்பவற்றில் மூன்று வகைகள் இந்த வேலைக்குப் பொருந்தக்கூடியவை. ஒன்று, தன் மிதப்பை மாற்றி மூழ்கியும் எழுந்தும் நகரும் கிளைடர். இரண்டாவது, மின்கலத்தில் ஓடும் புரொப்பெல்லர் பூட்டிய சிறிய நீர்மூழ்கி. மூன்றாவது, இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் நெடுந்தூர நீர்மூழ்கி. நீர்மூழ்கி என்ற கணக்கிலேயே வராத எளிய மிதவைகளையும் இவற்றோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னர் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில், அளக்கப்போவது எது என்பதில் தெளிவு வேண்டும். கடலில் பல பத்து முதல் சில நூறு கிலோமீட்டர் வரை விட்டமுள்ள பெரிய சுழிகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நிலைத்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே உருவாகும் ‘ஸ்ரீலங்கா டோம்’ அப்படிப்பட்ட இடஞ்சுழி. குளிர்காலத்தில் தென்கிழக்கு அரபிக் கடலில் உருவாகும் ‘லட்சத்தீவு ஹை’ அதற்கு எதிர்த்திசையில் சுழல்வது. இவற்றைச் செயற்கைக்கோள்கள் கடல்மட்ட உயரத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடுகின்றன. ஆனால் அந்தச் சுழிகளின் விளிம்பில், நூறு மீட்டர் முதல் பத்துக் கிலோமீட்டர் வரையிலான அளவில், வெவ்வேறு அடர்த்தியுள்ள நீர்கள் உரசிக்கொள்ளும் முகப்புகளும், சுழியிலிருந்து பிய்த்துக்கொண்டு நீளும் இழைகளும், சுழிக்குள் சுழியாகப் பிறக்கும் சிறு சுழல்களும் உள்ளன. பெரிய சுழிக்குள் நீர் ஒரு நாளில் சில மீட்டர் மட்டுமே மேலும் கீழும் நகரும். இந்தச் சிற்றளவு முகப்புகளிலோ அது நாளொன்றுக்குப் பத்துகளிலிருந்து நூறு மீட்டர் வரை எட்டும். ஆழத்திலுள்ள சத்துகள் வெளிச்சத்துக்கு ஏறி வருவதும், மேலே விளைந்த உயிர்ப்பொருள் ஆழத்துக்கு இறங்குவதும் பெரும்பாலும் இந்த ஒடுங்கிய வழிகளில்தான் நடக்கின்றன.

இந்த முகப்பைப் பார்க்கக் கருவி தேவையில்லை. குந்துகாலிலிருந்தோ மூக்கையூரிலிருந்தோ கடலுக்குப் போகிறவர்கள் அதை நுரைக்கோடாக அறிவார்கள். ஒரு பக்கம் பச்சை கலந்த கலங்கல் நீர், மறுபக்கம் தெளிந்த நீலம், நடுவில் சில மீட்டர் அகலத்தில் நுரையும், அறுந்த கடற்புல் இலைகளும், பாசியும், பிளாஸ்டிக் குப்பையும் நீண்ட கோடாகச் சேர்ந்து கிடக்கும். அதன் மேலே ஆலாக்கள் வட்டமிடும். அந்தக் கோட்டில் மிதப்பவை சேர்கின்றன என்றால், அங்கே இரு பக்கத்து நீரும் வந்து மோதிக் கீழே இறங்குகிறது என்று பொருள். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பகுதிக் கடல் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரின் பெருக்கத்தால் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியதை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பெருக்கம் எங்கே திரள்கிறது, எந்த ஓட்டத்தோடு கரைக்கு வருகிறது என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், இந்த முகப்புகள் எப்படி இயங்குகின்றன என்பதை அளந்துதான் ஆக வேண்டும். பவளத்திட்டுகளும் கடற்பசுக்களும் உள்ள கடல் இது என்பதால், இந்த வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது என்று கருதுகிறேன்.

கருவிகளை ஒப்பிடும் முன், நாம் இருக்கும் அட்சரேகையைக் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் படித்துக் கருவி வாங்குவோர் இந்த இடத்தில்தான் வழிதவறுகிறார்கள். பூமி சுழல்வதால் நீரோட்டம் திசைமாறும் வேகம் அட்சரேகையைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், உந்திவிடப்பட்ட நீர் ஒரு முழு வட்டம் அடிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ராமேசுவரத்துக்குத் தெற்கே 9 பாகையில் அதே வட்டத்துக்கு 75 மணி நேரத்துக்கு மேல், அதாவது மூன்று நாளுக்கும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவதாக, பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்குள் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டர் மாறினால், இங்கே அது புவிச்சுழற்சியின் விளைவுக்குச் சமமாகிவிடுகிறது. மான்டரேயில் அதே மாற்றம் புவிச்சுழற்சியின் விளைவில் கால் பங்குக்குச் சற்றே அதிகம். ஆகவே அங்கே சாதாரணமாகத் தோன்றும் ஓட்டம் இங்கே சிற்றளவு இயக்கங்களைத் தூண்டப் போதுமானதாக இருக்கிறது. இரண்டாவதாக, நீரின் அடர்த்தி அடுக்குகள் ஒன்றாகவே இருந்தாலும், காற்று கலக்கிச் சீராக்கும் மேல்நீரான கலப்பு அடுக்கில் பிறக்கும் சிறு சுழல்கள் இங்கே ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிதாகவும் நான்கு மடங்கு மெதுவாகவும் வளர வேண்டும். அங்கே 15 மணி நேரத்தில் பருக்கும் ஒரு சுழலுக்கு இங்கே இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும்.

வேகம் குறைந்த கருவிக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஓதம் அட்சரேகையைப் பார்த்துத் தாமதிப்பதில்லை. நாளில் இருமுறை ஏறி வற்றும் ஓதம் எங்கும்போல இங்கும் 12.4 மணி நேரச் சுற்றில்தான் வருகிறது. எனவே இந்தக் கடலில் அளவீட்டைக் கெடுக்கும் முதல் எதிரி முகப்பின் உருமாற்றம் அல்ல, ஓதமும், அது நீர்ப்பரப்புக்குக் கீழே அடுக்குகளுக்கிடையில் எழுப்பும் உள்ளலைகளுமே. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

கிளைடரில் புரொப்பெல்லர் கிடையாது. எண்ணெயையோ கடல்நீரையோ ஒரு பம்பு உள்ளும் புறமும் தள்ளி அதன் பருமனை மாற்றுகிறது. கனத்தால் மூழ்கும்போதும் இலகுவாகி எழும்போதும் இரு சிறகுகள் அந்த இயக்கத்தின் ஒரு பகுதியை முன்னோக்கித் திருப்புகின்றன. மின்கலத்தின் இடத்தை உள்ளேயே நகர்த்தி மூக்கை ஏற்றவும் இறக்கவும் செய்கிறார்கள். ஸ்லோகம், சீகிளைடர், ஸ்ப்ரே ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாகப் பழகிய வகைகள். எடை 50, 60 கிலோ அளவில் இருப்பதால் மூன்று பேர் சேர்ந்து படகிலிருந்து இறக்கிவிடலாம். லித்தியம் மின்கலம் இருந்தால் மாதக்கணக்கில் கடலில் நிற்கும். ஆல்கலைன் என்றால் சில வாரங்கள். ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் வாலிலுள்ள ஆண்டெனாவை நீருக்கு வெளியே நீட்டி, இடத்தைச் சரிபார்த்து, அளவுகளைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். 2009இல் ‘ஸ்கார்லெட் நைட்’ என்ற கிளைடர் நியூஜெர்சியிலிருந்து புறப்பட்டு 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினை அடைந்தது. இதைவிடப் பொறுமையான கருவி கடலில் இல்லை.

அந்தப் பொறுமைக்கு விலை வேகம். கிளைடர் நொடிக்குக் கால் மீட்டர் போகும். நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர். அறுபது கிலோமீட்டர் விட்டமுள்ள சுழியைக் கடக்க இரண்டரை, மூன்று நாள் ஆகும். இங்கே நீர் ஒரு வட்டம் அடிக்கும் நேரமும் அதுவே என்பதால், பெரிய சுழியின் உடலை அறிய இந்த வேகம் போதும். ஆனால் பத்துக் கிலோமீட்டர் முகப்பு ஒன்றைக் கடக்க 11 மணி நேரம் ஆகும். அது கிட்டத்தட்ட ஒரு முழு ஓதச் சுற்று. முகப்பின் இந்தப் பக்கத்தை ஏற்றத்திலும் அந்தப் பக்கத்தை வற்றிலும் அளந்தால், கிடைக்கும் படத்தில் இடத்தின் மாற்றம் எது, நேரத்தின் மாற்றம் எது என்று பிரிக்க முடியாது. நகர்ந்துகொண்டிருக்கும் தேரைச் சுற்றி நடந்தபடி நான்கு பக்கமும் படம் எடுத்து, அவற்றை ஒட்டிவைத்து வீதியின் வரைபடம் என்று சொல்வதற்கு ஒப்பானது அது. மேலும், ஓட்டம் நொடிக்குக் கால் மீட்டரைத் தாண்டினால் கிளைடர் நாம் சொன்ன திசையில் போகாது. நீவாடு (நீரோட்டம்) போகும் பக்கம் போகும்.

இதற்கு ஒரு பாதி மருந்து உண்டு. கிளைடரை ஆயிரம் மீட்டர் வரை இறக்கினால் ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்தாறு மணி நேரமாகி, அடுத்தடுத்த எழுச்சிகளுக்கு இடையே ஐந்தாறு கிலோமீட்டர் விழுந்துவிடும். நூறு மீட்டரிலேயே திருப்பினால் அரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஏறக்குறைய 450 மீட்டருக்கு ஒரு சுற்று என்று அளவு நெருங்கும். சிற்றளவு வேலைக்குக் கிளைடரைப் பயன்படுத்துவோர் ஆழத்தின் மேலுள்ள ஆசையை விட்டுவிட வேண்டும். இரண்டு கிளைடர்களை ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் இணையாக ஓட்டினால் இன்னும் நல்லது; அப்போது முகப்பின் குறுக்கே மட்டுமின்றி அதன் நெடுகிலும் என்ன மாறுகிறது என்பது தெரியவரும்.

கிளைடர்களால் கிடைத்த பலன் சிறிதல்ல. 2008இல் வட அட்லாண்டிக்கில் சீகிளைடர்களையும் மிதவைகளையும் கொண்டு நடந்த ஆய்வு, சுழிகள் பக்கவாட்டு அடர்த்தி வேறுபாட்டைச் சாய்த்து மேல்நீரை அடுக்காக்கிவிடுவதால், வசந்தகாலப் பாசிப்பெருக்கம் வெயிலால் மட்டும் தொடங்கக்கூடியதைவிட 20 முதல் 30 நாள் முன்பே தொடங்குகிறது என்று காட்டியது. நமக்கு அருகில், 2016 ஜூன், ஜூலை மாதங்களில் இந்தியாவும் பிரிட்டனும் சேர்ந்து தெற்கு வங்கக் கடலில் நடத்திய ‘பாபிள்’ ஆய்வில் ‘சிந்து சாதனா’ கப்பலோடு கிளைடர்களும் 8 பாகை வடக்குக் கோட்டில் ஓடின. அரபிக் கடலின் உப்பு மிகுந்த நீர் கோடைப் பருவ ஓட்டத்தோடு வங்கக் கடலுக்குள் நுழைந்து நீர்ப்பரப்புக்குக் கீழே பரவுவதை அவை பின்தொடர்ந்தன. பருவக்காற்று கொந்தளிக்கும் மாதத்திலும் கடலில் நகர்ந்தபடி அளக்க முடியும் என்பதைக் கிளைடர் காட்டியிருக்கிறது.

ஆனால் நம் கரைக்கு வரும்போது இரண்டு நுட்பமான சிக்கல்களைச் சொல்லியாக வேண்டும். கிளைடர் உப்பின் அளவை நேரடியாக அளப்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனையும் வெப்பத்தையும் அளந்து கணக்கிடுகிறது. மின்கடத்துதிறன் அளக்கும் குறுகிய குழாயின் சுவர் தான் விட்டுவந்த நீரின் சூட்டைச் சில நொடிகள் வைத்திருக்கும். வெப்பம் சில மீட்டருக்குள் பல பாகை சரியும் வெப்பமண்டலக் கடலில், இந்தத் தாமதம், உண்மையில் இல்லாத ஓர் உப்புப் படலத்தைத் தாளில் வரைந்துவிடும். கனமான நீர் இலகுவான நீரின் மேல் நிற்பதாகத் தோன்றும். அனுபவமற்றவர் அதைக் கலப்பு நிகழும் இடம் என்று எழுதிவிடுவார். இறங்கும்போது கிடைத்ததையும் ஏறும்போது கிடைத்ததையும் ஒத்துவைத்துத் திருத்தாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பம்பு வைத்து நீரைச் சீராக இழுக்கும் உணரி கிடைத்தால், கூடுதல் பணம் கொடுத்தாவது அதையே வாங்க வேண்டும்.

இரண்டாவது, எடைச்சமன். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றியும், ஓரளவு பாக் நீரிணை வழியாகவும் இந்தப் பக்கம் வருகிறது. உப்பு நான்கு அலகு (ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ நான்கு கிராம்) குறைந்தால் ஒரு கன மீட்டர் நீரின் எடை ஏறத்தாழ மூன்று கிலோ குறையும். 54 லிட்டர் பருமனுள்ள கிளைடர் அந்த நீரில் சுமார் 160 கிராம் கனமாகிவிடும். மிதப்பை மாற்றும் பம்பின் மொத்த வலிமையே சில நூறு கன சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்தால், முகப்பின் ஒரு பக்கத்து நீருக்குச் சமன்செய்த கிளைடர் மறுபக்கத்தில் மேலே வரத் திணறலாம் என்பது புரியும். கொட்டலசும் பாசியும் வேகமாகப் படியும் வெதுவெதுப்பான நீர் இது. உடம்பில் ஒட்டுமீன் ஏறிக்கொண்டாலும் சிறகின் இழுவை கூடிவிடும்.

புரொப்பெல்லர் நீர்மூழ்கியின் பலம் வேகம். ரீமஸ் 100 போன்ற சிறிய வகை நூறு மீட்டர் ஆழம் வரை இறங்கும். நாற்பது கிலோவுக்கும் குறைவான எடை. நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஓடும். பத்துக் கிலோமீட்டர் முகப்பை இது இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது; ஓதம் அதற்குள் பெரிதாக மாறியிருக்காது. நீர்ப்பரப்புக்கும் 80 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்கியபடி போனால் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று கிடைக்கும். நான்கு கிலோமீட்டர் சதுரத்தை அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்பது கோடுகளாக உழுதால் மொத்தம் நாற்பது கிலோமீட்டர். ஒரு முறை மின்னேற்றியதில் ஏழெட்டு மணி நேரத்தில் முடியும். காலையில் இறக்கி மாலையில் எடுத்துவிடலாம் என்பது இந்தக் கரையில் எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் ‘மாயா’ என்ற சிறிய நீர்மூழ்கியை உள்நாட்டிலேயே உருவாக்கி இயக்கியிருக்கிறது.

குறைகளும் உண்டு. மின்கலம் ஒரு நாளைத் தாண்டாது. கூடவே ஒரு படகும் ஆட்களும் எப்போதும் வேண்டும். அலை ஏறினால் வேலை நின்றுவிடும். ஆகவே பருவக்காற்றின் உச்சத்தில் இது கரையில்தான் இருக்கும். நீருக்குள் ஜிபிஎஸ் எட்டாது. அடிமட்டத்தை நோக்கி ஒலி அனுப்பித் தன் வேகத்தை அறியும் கருவி ஆழமற்ற இடத்தில் நன்றாக உதவும். ஆனால் தீவுகளுக்குத் தெற்கே அடிமட்டம் ஆயிரம் மீட்டருக்குக் கீழே சரிந்துவிடும் இடத்தில் அந்த ஒலி தரையைத் தொடாது. நீர்மூழ்கி தன்னைச் சுற்றியுள்ள நீரைப் பொறுத்த வேகத்தை மட்டுமே அறியும், இடப்பிழை நிமிடத்துக்கு நிமிடம் கூடும். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் மேலே வரவழைத்து இடத்தைச் சரிசெய்வதுதான் எளிய வழி. விலையும் கிளைடரைவிடக் கூடுதல். கிளைடரே கருவிகளோடு சேர்த்தால் கோடி ரூபாயைத் தாண்டும்.

இனி மிதவைகளுக்கு வருகிறேன். மேலே சொன்ன நான்கு கிலோமீட்டர் சதுரத்தை உழ ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. ஓத ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர்தான் என்று வைத்துக்கொண்டாலும், ஓதம் ஒரு பக்கம் ஓடும் ஆறு மணி நேரத்தில் அது முகப்பை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளிவிடும். அதாவது முதல் கோட்டில் பார்த்த முகப்பு கடைசிக் கோட்டை ஓட்டும்போது சதுரத்துக்கு வெளியே போயிருக்கலாம். வேகமான நீர்மூழ்கி இருந்தும் நிலத்தோடு கட்டிய சதுரத்தை உழுதால் பயனில்லை; நீரோடு நகரும் சதுரத்தை உழ வேண்டும். நீர் எங்கே போகிறது என்பதைச் சொல்ல, முகப்பைச் சுற்றி விடப்பட்ட பத்துப் பதினைந்து மிதவைகள் போதும். மேற்பரப்பில் ஒரு சிறு மிதப்பு, அதில் ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும், கீழே நீரைப் பிடித்துக்கொள்ளும் ஓர் இழுபாய்: இதை மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ உள்ள பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஒவ்வொரு கோடு முடிந்து நீர்மூழ்கி மேலே வரும்போதும், மிதவைகள் நகர்ந்த அளவுக்கு அடுத்த கோட்டை நகர்த்திக் கொடுத்தால், ஓதத்தின் பெரும்பகுதி கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது.

மிதவை மட்டுமே தனியாகவும் பேசும். 2016இல் மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் ஏறத்தாழ ஆயிரம் மிதவைகளை விட்டு நடத்திய ஆய்வில், இருபது கிலோமீட்டர் பரப்பில் சிதறியிருந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே வாரத்துக்குள் அறுபது மீட்டர் சதுரத்துக்குள் வந்து குவிந்தன. அந்த இடத்தில் நீர் நொடிக்கு ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் கீழிறங்கிக்கொண்டிருந்தது. மிசிசிப்பி ஆற்றின் நன்னீர் உப்புநீரோடு உரசும் கடல் அது. உப்பு வேறுபாட்டால் முகப்பு உண்டாகும் நம் கடலுக்குக் கலிபோர்னியாவைவிட அது நெருங்கிய உறவு. மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய முதல் ஆய்வு எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

நீரின் நுண்ணிய கொந்தளிப்பை, அதாவது சென்டிமீட்டர் அளவுச் சிதைவை அளப்பதுதான் நோக்கம் என்றால் தராசு கிளைடர் பக்கம் சாயும். அதற்கான உணரி மெல்லிய பீங்கான் தகட்டின் அதிர்வைக் கொண்டு அளக்கிறது. புரொப்பெல்லரின் நடுக்கம் அதில் கலந்துவிடும். ஓசையின்றிச் சறுக்கும் கிளைடரில் அந்தத் தொல்லை குறைவு.

நெடுந்தூர நீர்மூழ்கி இரண்டின் நன்மையையும் சேர்க்க முயல்கிறது. மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனம் உருவாக்கிய டெதிஸ் வகை நொடிக்கு அரை முதல் ஒரு மீட்டர் வேகத்தில் வாரக்கணக்கில் ஓடும். வேண்டும்போது புரொப்பெல்லரை நிறுத்தி, மிதப்பைச் சரிசெய்து, நீரோடு நீராக மிதந்துபோகும். 2018இல் ஹவாய்க்கு அருகே ஒரு சுழியில் ‘அகு’, ‘ஓபா’ என்ற இரு நீர்மூழ்கிகள் இப்படி இயங்கின. ஒன்று, நூறு மீட்டருக்கும் கீழே பாசி செறிந்த படலத்துக்குள் நாட்கணக்கில் மிதந்தபடி நுண்ணுயிர் மாதிரிகளை எடுத்தது; மற்றது அதைச் சுற்றிச் சுற்றி வந்து சூழலை அளந்தது; நீர்ப்பரப்பில் இன்னொரு தானியங்கி ஒலியால் அவற்றைத் தொடர்ந்தது. சுழியின் உயிரியலை அறிய இதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன். ஆனால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை, பழுதானால் கடல்கடந்து அனுப்ப வேண்டிய நிலை, தேர்ந்த பொறியாளர்கள் கூடவே இருக்க வேண்டிய தேவை ஆகியவற்றைப் பார்த்தால், முதல் கருவியாக இதை வாங்கும்படி ஒரு கரையோரக் குழுவுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வரும் ஆர்கோ மிதவை சிற்றளவு வேலைக்கு ஆகாது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் 120 கிலோமீட்டர் அகலப் பட்டையில் கடல்மட்டத்தை அளக்கிறது என்றாலும், அதே தடத்துக்குத் திரும்ப 21 நாள் ஆகிறது. எந்தச் சுழிக்குப் போவது என்று முடிவெடுக்க அது உதவும். அதற்கு ஒரு மாதம் முன்பு இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-3, மேகமில்லாத நாளில் கடலின் நிறத்தைக் காட்டும். முகப்பு எங்கே என்று தேட எனக்கு அதுவே முதல் துணையாகத் தோன்றுகிறது.

இனி நம் கரையின் நிலைமைகள். பாக் விரிகுடா சராசரியாகப் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அங்கே கிளைடருக்கு வேலையில்லை. மன்னார் வளைகுடாப் பக்கம் தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய நீரும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே எதையும் இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. தெற்கே போனால் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக்கோடு அதிகத் தொலைவில் இல்லை. கால் மீட்டர் வேகக் கிளைடரை அதைவிட வேகமான ஓட்டம் இழுத்துச் சென்றால் எல்லை தாண்டிவிடும். மனிதர் தாண்டினாலே என்னவாகிறது என்பது ராமேசுவரம் குடும்பங்களுக்குத் தெரியும், கருவி தாண்டினாலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கிளைடர் பேசும் இரிடியம் செயற்கைக்கோள் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருக்கும் கரையில், அறிவிப்பின்றி மஞ்சள் நிறத்தில் ஒரு டார்பிடோ போன்ற பொருள் மிதந்தால் அது யார் கையில் போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வலை. மாதக்கணக்கில் ஓடும் கிளைடர் ஒவ்வொரு நாளும் செவுள் வலையும் இழுவலையும் கிடக்கும் நீரில் ஏறி இறங்க வேண்டும். வலையில் சிக்கினால் நமக்குக் கோடி ரூபாய் போகும், வலைக்காரருக்கு அன்றைய பாடும் வலையும் போகும். இந்த இரண்டாவது இழப்பை ஆய்வுத் திட்டங்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை, சேர்த்தாக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது இழுவலை இல்லை, கடலும் பெரும்பகுதி அமைதி. நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும்; அந்த ஊர்களில் முன்கூட்டியே போய்ப் பேசி, கருவியின் படத்தைக் காட்டி, வலை அறுந்தால் ஈடு தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளைடரை விட வேண்டும். புரொப்பெல்லர் நீர்மூழ்கிக்கு இந்தச் சிக்கல்களில் பல இல்லை. படகு பக்கத்திலேயே நிற்கிறது, மாலையில் கருவி கைக்கு வந்துவிடுகிறது, எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் போவது என்பதும் நம் கையில் இருக்கிறது, கரையோடு பேச ரேடியோவே போதும்.

ஆகவே, ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் என்றால், நூறு மீட்டர் ஆழம் போகும் சிறிய புரொப்பெல்லர் நீர்மூழ்கியை வாங்கி, அதனோடு இருபது மிதவைகளைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் முடிவு. கலப்பு அடுக்கும், அதன் கீழே ஆழத்தோடு வெப்பம் விரைந்து குறையும் வெப்பச்சரிவின் மேற்பகுதியும் நூறு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் ஆழம் ஒரு குறையாகாது. சுழி வராத மாதங்களில் அதே கருவி கடற்புல் படுகைகளையும் பவளத்திட்டுகளின் அடிமட்டத்தையும் அளக்கும். கிளைடரை அப்படித் திருப்பிவிட முடியாது. சுழியின் முழு உடலையும் மாதக்கணக்கில் கவனிக்கும் வேலையைச் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தோடோ ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸோடோ கூட்டாகச் செய்வதே முறை. கிளைடரை ஓட்டிய அனுபவம் அங்கே இருக்கிறது, அனுமதிகளும் அவர்கள் வழியே எளிதாகும். தெற்கு வங்கக் கடலையோ கொந்தளிப்பையோ முதல் இலக்காகக் கொண்ட குழுவாக இருந்தால் இந்த வரிசையை நான் தலைகீழாக்குவேன்.

படகைப் பொறுத்தவரை, 2017இல் தொடங்கிய திட்டத்தில் இழுவலையை விட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாறிய படகுகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. தூண்டில் இழுக்கும் இயந்திரமும் பல நாள் தங்கும் வசதியும் உள்ள அவற்றில் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினால், சரிவின் விளிம்பு வரை போய்வரலாம்; முகப்பு எங்கே நிற்கும் என்று அதன் ஓட்டிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அவரையும் ஆய்வாளராகச் சம்பளப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதல் ஆண்டில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரின் தடம் முற்றிலும் மறையாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மிதவைகளை மட்டும் விட்டு ஓதத்தின் அளவை அறிந்துகொண்டு, அடுத்த ஆண்டு அதே மாதங்களில் நீர்மூழ்கியை இறக்கலாம். கூட்டுக் கிளைடரை ஏப்ரல் 15க்குப் பிறகு விட்டு, தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும்.